ஆமை மூடாமல் போன குழி

கமலேஸ்வரி ஆமைக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது கள்ளிமேட்டில் சிரிக்காத ஆள் இல்லை. கள்ளிமேடு என்பது சாம்பல்தீவுக்கு வடக்கே, கடலுக்கும் தெருவுக்கும் நடுவில் கிடக்கிற கொஞ்சம் வீடுகள். அங்கே ஆமை முட்டையைத் தோண்டி அவித்துத் தின்றவர்கள் இருந்தார்கள். கூடையில் வைத்து மூடிச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களும் இருந்தார்கள். அதைக் காவல் காக்கவென்று கருக்கலில் எழும்பிப் போன முதல் மனிசி இவள்தான்.

“பெத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஒரு பலகாரம் சுட நேரமில்லை. ஆமைப் பிள்ளையளுக்குத் தாய்வேலை பாக்க மட்டும் நேரமிருக்கு,” என்றாள் நல்லம்மா.

நல்லம்மா, கமலேஸ்வரியின் புருசன் இராசதுரைக்கு அக்கா. கலியாணம் கட்டாமல் தம்பியோடே இருந்துவிட்டவள். தம்பி போன பிறகு தம்பி பெண்சாதியோடு இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வீட்டில் இடியப்பம் பிழிகிற கை அவளுடையது. இரண்டு பேரும் சேர்ந்து இடியப்பம் அவித்துத் தெருவிலுள்ள சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துத்தான் மகள் புஸ்பராணியை வளர்த்து ஆளாக்கினார்கள்.

“மாவைக் குழைச்சு வைச்சிட்டுத்தானே மச்சாள் போறன்.”

“போ, போ. வரேக்கை ஆமைமார் ஏதும் சீதனம் தந்தால் வாங்கிக்கொண்டு வா.”

அது யுத்த நிறுத்தம் வந்து இரண்டாவது வருசம். சண்டை முடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆனாலும் கடற்கரையில் முட்கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியால்தான் நகரத்திலிருந்து கடலாமை காக்கும் குழு வந்தது. அதை நடத்தினவள் ரபீக்கா என்ற விஞ்ஞான ரீச்சர். கிண்ணியாப் பிள்ளை. நகரத்தில் சாச்சி வீட்டில் தங்கிப் படிப்பிக்கிறாள். வாசிகசாலையில் கூட்டம் வைத்து, “கூலி தர எங்களிட்ட ஒண்டும் இல்ல. தேத்தண்ணியும் பணிசும் தருவம்,” என்றாள். பாதிச் சனம் அப்போதே எழும்பிவிட்டது. பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். கடற்கரை மண்ணில் கை வைக்க யாருக்கும் இன்னும் அனுமதி இல்லை. குழுவில் சேருகிறவர்களுக்கு மட்டும் தோண்டிப் பார்க்க இராணுவக் காவலரணில் கேட்டு வாங்கியிருக்கிறது.

கமலேஸ்வரி கையை உயர்த்தினது அந்தப் பேச்சுக்குத்தான். ஆமைக்கு என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஒரு காலையில் ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகளை அந்த வாசிகசாலைக்கு முன்னால் இருத்தி, பதினொரு பேரைப் பொறுக்கி லொறியில் ஏற்றினார்கள். ஏற்றினவர்கள் யார், எந்த முகாம் என்று அன்றைக்கும் ஒருவரும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இராசதுரை பல் தீட்டிக்கொண்டு நின்றவன். வாய் கொப்பளிக்க விடவில்லை. லொறி தெருவுக்கு ஏறாமல் கடற்கரைப் பக்கம் திரும்பினதை ஆடு கட்டப் போன ஒரு பெட்டை கண்டாள். திரும்பி வரும்போது லொறிக்குள் ஆள் இல்லை என்றும் அவள் சொன்னாள். கொஞ்ச நாளில் அவளுடைய குடும்பம் இந்தியாவுக்குப் படகேறிவிட்டது.

மறு வருசம் வேறொரு கதை வந்தது. தெற்கே ஒரு முகாமிலிருந்து விடுபட்டு வந்தவன், இராசதுரையைக் கண்டதாகச் சொன்னான். மீசை மழித்து மெலிந்திருக்கிறான், கள்ளிமேட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில்தான் இருக்கிறார்கள் என்றான். நல்லம்மா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டாள். கமலேஸ்வரி ஆட்டுக்காரப் பெட்டையின் கதையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே குசினிக்குள் இந்த இரண்டு கதையும் பதின்மூன்று வருசம் சண்டை பிடிக்காமல் சேர்ந்து சாப்பிட்டன.

கலியாணம் வந்துதான் இரண்டையும் மோதவிட்டது. மாப்பிள்ளை தம்பலகாமத்துப் பிள்ளை, கூட்டுறவுக் கடையில் வேலை, நல்ல சனம். வைகாசியில் நாள் வைத்தாயிற்று. கலியாணக் காட் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துக்காரன் ஒரு கேள்வி கேட்டான். பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா, ‘காலஞ்சென்ற’ போடுவதா? மாப்பிள்ளை வீட்டாரும் அதையே வேறு விதமாக, பக்குவமாகக் கேட்டார்கள். தகப்பன் இருக்கிறார் என்றால் தாரை வார்க்க எப்போது வருவார்? இல்லை என்றால் அந்தியேட்டி எப்போது செய்தீர்கள்? தாய் குங்குமத்தோடு மணவறைக்குக் கிட்ட நிற்பாவா, ஒதுங்கி நிற்பாவா?

“‘திரு’ எண்டு போடு. என்ரை தம்பி இருக்கிறான்,” என்றாள் நல்லம்மா.

“இருக்கிறாரெண்டு போட்டால் எங்கை எண்டு கேப்பினமே மச்சாள்.”

“கேக்கட்டும். அதுக்காக நீ உன்ரை வாயாலை அவனைக் கொல்லப் போறியோ?”

“நான் ஆரையும் கொல்லேல்லை. நான் ஒண்டுமே சொல்லேல்லையே.”

“சொல்லாதை. கண்ணாலை காணாமல் இந்த வீட்டிலை அந்தச் சொல்லை ஆரும் சொல்லப்படாது. நீயும் சொல்லப்படாது, நானும் சொல்லப்படாது.”

கமலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. கோபம் மச்சாளில் அல்ல. ஆட்டுக்காரப் பெட்டையை நம்பிக்கொண்டிருந்தும் அந்த ஒரு சொல்லைத் தன்னாலும் சொல்ல ஏலாமல் இருக்கிறதே என்ற கோபம். ஒவ்வொரு காலையும் குங்குமச் செப்பைத் திறக்கும்போது விரல் கூசியது. வைத்தாலும் பொய், வைக்காவிட்டாலும் பொய். பிள்ளை பாவம், எழுத்தில்லாத ஒரு கலியாணக் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். கமலேஸ்வரிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் எங்கே என்று வைகாசிக்கு முன்னால் தெரியவேண்டும்.

ஆமை வேலை ஒன்றும் லேசானதல்ல. விடிய முன் போய், ஆமை ஏறி இறங்கின தடம் பார்க்க வேண்டும். சின்ன உழவு மெசின் சில்லு உருண்டது போல மணலில் இரண்டு வரிசை இருக்கும். தடம் முடிகிற இடத்தில் மணலைக் கிளறி மூடியிருந்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கையால் மெல்லத் தோண்டி, முட்டையைப் புரட்டாமல் எடுத்து, ஈரமணல் போட்ட வாளியில் அடுக்க வேண்டும். அலை அடிக்கும், நாய் கிளறும் என்று பயந்த கூடுகளைக் குழுவின் வேலிக்குள் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைப்பார்கள். மேட்டில், பத்திரமான இடத்தில் இருக்கிற கூட்டை அசைப்பதில்லை. நாலு கம்பு நட்டு, வலை கட்டி, தோண்டக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதின பலகையைத் தொங்கவிட்டால், அதற்குப் பிறகு காவலரண்காரர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் ரபீக்கா அவர்களோடு செய்துகொண்ட பேச்சு. இவ்வளவும் முடிந்த பிறகு கரையில் ஒதுங்கின பிளாஸ்டிக் போத்தலையும் அறுந்த வலையையும் சாக்கில் பொறுக்க வேண்டும். கமலேஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போகும். ஆனால் முட்டையைக் கையில் எடுக்கும்போது, அந்த மெல்லிய சூட்டில், அவளையறியாமல் ஒரு ஆசையும் வந்துவிட்டது. அதை அவள் வெளியில் சொல்லவில்லை.

எல்லா ஆமையும் முட்டை இட்டுவிட்டுப் போவதில்லை. தோண்டிக்கொண்டு போகையில் வேரோ கல்லோ இடித்தால் பாதியில் விட்டுவிட்டு வேறிடம் பார்க்கும். அப்படி விட்ட குழியை அது மூடுவதில்லை. மற்றவர்கள் அதைக் கண்டால் “சும்மா குழி” என்று தாண்டிப் போவார்கள். கமலேஸ்வரி தாண்டிப் போகமாட்டாள். யாரும் பார்க்காத நேரம் குப்புறப் படுத்து, தோள்மூட்டு வரைக்கும் கையை விட்டு, ஆமைக்கு இடித்தது என்ன என்று தடவிப் பார்ப்பாள்.

ஒருமுறை முருகைக்கல். ஒருமுறை தாழை வேர். ஒருமுறை உடைந்த வள்ளத்துப் பலகை. ஒருமுறை எலும்பேதான், தோண்டி எடுத்தால் மாட்டெலும்பு. கை உள்ளே போகும்போதெல்லாம் இருக்கவேணும் என்று நேர்ந்துகொள்வாள், அடுத்த மூச்சில் இருக்கக்கூடாது என்று நேர்ந்துகொள்வாள். எந்தத் தெய்வமானாலும் குழம்பித்தான் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் கிணற்றடித் துவைகல்லில் பாக்கியரத்தினம் மாமி இருப்பாள். பக்கத்து வீடு. அன்றைக்கு லொறியில் போன பதினொரு பேரில் ஞானசேகரம் அவளுடைய ஒரே மகன்.

“இண்டைக்கு என்ன கண்டனீ பிள்ளை?”

“முட்டைதான் மாமி.”

அதற்கு மேல் மாமி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஒரு நாளும் கேட்காமல் விட்டதுமில்லை.

சித்திரை முடிகிற நேரம். விடியும்போதே காற்றில்லாமல் புழுங்கியது. கமலேஸ்வரியும் ரபீக்காவும் கரையோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தார்கள். கலியாணக் கதையை ரபீக்காதான் எடுத்தாள்.

“காட் அடிச்சாச்சா அக்கா?”

“எங்கை ரீச்சர். ஒரு சொல்லிலை நிக்குது.” கமலேஸ்வரி நடந்ததைச் சொன்னாள்.

ரபீக்கா கையிலிருந்த வாளியை மற்றக் கைக்கு மாற்றினாள். “எங்கட வாப்பாவும் அதே வருசம்தான். மாடு பாக்கக் காட்டுக்குப் போனவர். இயக்கப் பொடியன்மார் மறிச்சதெண்டு ஆக்கள் சொன்னாங்க. ஆளும் வரல்ல, மையித்தும் கிடைக்கல்ல. ரெண்டு வருசம் பாத்துப்போட்டு, பள்ளியில மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழுதாங்க. உம்மா விதவைக் கணக்கில வீட்டுக்குள்ளயே இத்தா இருந்தாங்க. அப்படி ஒரு வழி எங்களுக்கு இருந்திச்சி.”

“அதுக்குப் பிறகு உம்மாவுக்குச் சுகமோ?”

“சுகமெண்டு இல்ல அக்கா. படலைச் சத்தம் கேட்டா இப்பவும் திரும்பிப் பாப்பாங்க. ஆனா ராவைக்கு நித்திரை கொள்றாங்க.”

பேசிக்கொண்டே போகையில் ஒரு கூடு அகப்பட்டது. ரபீக்கா முட்டை எடுக்க அங்கேயே குந்திவிட்டாள். கமலேஸ்வரி இன்னொரு தடத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். தாழம்பற்றையின் ஓரத்தில் தடம் வளைந்து, திரும்பக் கடலுக்குப் போயிருந்தது. வளைந்த இடத்தில் குழி திறந்தபடி கிடந்தது.

அவள் படுத்துக் கையை விட்டாள். மேல்மணல் சூடு, உள்மணல் குளிர். அடியில் விரலுக்கு வழவழப்பாக, உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. முருகைக்கல் இப்படி வழவழப்பாக இராது. விரலை அதன் வளைவோடு மெல்ல இறக்கினாள். ஒரு வரிசை பல். அதற்குக் கீழே, பக்கத்தில், முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு.

அவள் கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை. கன்னத்தை மணலில் வைத்தபடி, அந்தப் பல்வரிசையில் விரலை வைத்தபடி கிடந்தாள். வாய் கொப்பளிக்க விடவில்லையே, வாய் கொப்பளிக்க விடவில்லையே என்று அந்த ஒரு நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

“என்ன அக்கா, சும்மா குழிதானே?” ரபீக்கா கிட்ட வந்துவிட்டாள்.

“ரீச்சர், இதுக்கை கை வைச்சுப் பாருங்கோ.”

ரபீக்கா முழங்காலில் இருந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். “யா அல்லாஹ்,” என்றாள். உடனே திரும்பிக் காவலரண் பக்கம் பார்த்தாள். தலை நரைத்த சென்றிக்காரன் சமரக்கோன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல அவர்களை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

“அவரா அக்கா?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பல்லைத் தடவிப் பாத்து ஆரெண்டு சொல்ல ஏலுமோ ரீச்சர்? பதினொரு பேரும் ஒண்டாய்ப் போனவை. ஒராள் இஞ்சை கிடக்கெண்டால் முகாமிலை ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான்.”

“இப்ப சத்தம் போட்டா நாளைக்கு இந்த இடமே இருக்காது. ஆர் தோண்டினாங்க, என்ன எடுத்தாங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரும். குழுவையும் நிப்பாட்டிருவாங்க. ஆனா நீங்க சத்தம் போடுங்க எண்டா நானும் சேர்ந்து போடுறன். சொல்லுங்க.”

கமலேஸ்வரி கையை வெளியே எடுத்தாள். பதின்மூன்று வருசம் தேடினது கைக்கெட்டிய ஆழத்தில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத்தான் நெஞ்சு பறந்தது. ஆனால் மடியில் எடுத்தால் கொண்டுபோக எங்கே இடம்?

“மூடுவம் ரீச்சர்,” என்றாள்.

ஒரு கைப்பிடி மணலை அள்ளிக் குழிக்குள் போட்டாள். பிறகு ஒரு கைப்பிடி. பிறகு ஒரு கைப்பிடி.

“எங்கடை பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, ரீச்சர்.”

“எங்கட பொம்பிளையளும் மையவாடிக்குப் போறல்ல,” என்றாள் ரபீக்கா. அவளும் மூன்று பிடி போட்டாள். பிறகு இரண்டு பேரும் கையாலும் முழங்கையாலும் மணலைத் தள்ளி, ஆமை மூடினது போலவே கிளறி மேடாக்கினார்கள். சமரக்கோன் வந்து சேர்ந்தபோது கடைசி மணல்தான் பாக்கி.

“என்ன அம்மா? முட்டை இருக்கு?” அவனுக்கு அந்த மட்டில் தமிழ் வரும்.

“இருக்கு,” என்றாள் கமலேஸ்வரி.

அவன் ரபீக்காவைப் பார்த்தான். கை விட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியவள் அவள்தான். அவள் சொன்னால்தான் வேலி. பள்ளிக்கூடத்தில் ஒரு விடைத்தாளில் ஒரு புள்ளி கூடப் பிழையாகப் போடாத பிள்ளை அவள்.

“இருக்கு,” என்றாள் ரபீக்கா. “நூத்துக்கு மேல வரும். இத அசைக்கேலா. இங்கேயே வேலி போடணும்.”

சமரக்கோன் துவக்கைக் கழற்றித் தாழையில் சாத்திவிட்டுக் கம்பு கொண்டுவந்தான். கல்லால் தானே அடித்து இறுக்கினான். வலையை இழுத்துக் கட்டினான். பலகையைத் தொங்கவிட்டு, அது சரிந்திருக்கிறதென்று திருப்பியும் கட்டினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பயம் வேண்டாம் அம்மா. நான் பார்க்கிறது. நாய் வர விடமாட்டேன்,” என்றான். கமலேஸ்வரிக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடவும் வந்தது, அந்தக் கல்லைப் பிடுங்கி அவன் தலையில் போடவும் வந்தது. அவன் இந்த ஊருக்கு வந்தது போன வருசம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டாள். “ஒண்டரை மாசத்திலை குஞ்சு வராட்டில் என்ன சொல்லுவியள் ரீச்சர்?”

“கூழ்முட்டையாப் போச்சு எண்டு சொல்லுவன். அதுக்குப் புறகு ஆராய்ச்சிக்கு வேணும், வேலியக் கழட்டாதீங்க எண்டு சொல்லுவன். இதக் கேட்டு விசாரிக்க வேண்டிய ஆக்கள் வாற வரைக்கும் என்னவாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பன்.” அதைச் சொல்லிவிட்டு ரபீக்கா வேலிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். கமலேஸ்வரிதான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் நல்லம்மா கடைக்குக் கொடுக்கிற இடியப்பத்தைத் தட்டிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். பாக்கியரத்தினம் மாமி துவைகல்லில் இருந்தாள். மற்ற நாட்களில் கமலேஸ்வரி படலையடியில் கால் கழுவிவிட்டு நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி குடிப்பாள். இன்றைக்கு வாசலைத் திரும்பியும் பார்க்காமல் கிணற்றடிக்கு வந்தாள். வாளியை விட்டு இழுத்து, உடுத்த சீலையோடு தலையில் வார்த்தாள். கடற்கரையால் வந்து கால் கழுவுவது வேறு. வீட்டுக்குள் அடி வைக்காமல், ஒருவரிலும் முட்டாமல், இப்படித் தோய்வது வேறு. எங்கே போய் வந்தவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நம்முடைய சனத்துக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

“என்ன பிள்ளை, காலங்காத்தாலை தோயிறாய்?” என்றாள் மாமி.

“வெக்கை மாமி.”

“இண்டைக்கு என்ன கண்டனீ?”

“கூடு ஒண்டு.” தண்ணீர் வழிகிற முகத்தை அவள் துடைக்கவில்லை. “தாழம்பற்றையடியிலை. வேலி போட்டிருக்கு. சென்றிக்காரன் காவல் பாக்கிறான்.”

“முட்டை கனக்கவோ?”

“எண்ணேல்லை மாமி.”

குசினி வாசலில் நல்லம்மா வந்து நின்றாள். கையில் மா அப்பியிருந்தது. ஈரச் சீலையோடு நிற்கிறவளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். நல்லம்மாவுக்கு வாய் அடைத்ததை அந்த வீடு அதற்கு முன் கண்டதில்லை. நிலைக் கம்பைப் பிடித்தபடி, உள்ளே திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

“புஸ்பராணி, அச்சகத்துக்குப் போறதெண்டால் அந்தச் சொல்லையே போடச் சொல்லு.”

“எந்தச் சொல்லை மாமி?”

“கேளாதை பிள்ளை. போடச் சொல்லு.”

பிறகு கிணற்றடிக்கு இறங்கி வந்து, “வாளியைத் தா,” என்றாள். கமலேஸ்வரி இறைத்துக் கொடுத்தாள். நல்லம்மா அதைத் தன் தலையில் கவிழ்த்தாள். கையிலிருந்த மா கரைந்து வெள்ளையாகக் காலடியில் ஓடியது.

பாக்கியரத்தினம் மாமி ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தோய்ந்தால் வெக்கை என்று சொல்லலாம். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்லக் கையூன்றி எழும்பி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஓம் பிள்ளை, வெக்கைதான்,” என்றாள். “எனக்கும் ஒரு வாளி வார்.”